லேப்டாப் என்கிரிப்ஷனும் பேக்கப்பும்: வரிசை மாறாமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் ஒரு லேப்டாப்புக்குள் ஊரே இருக்கும். ஆலயச் செயலாளரிடம் உறுப்பினர்களின் ஐசி (அடையாள அட்டை) நகல்கள், தோட்டக் கிராணியிடம் சம்பளப் பட்டியல், தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் மாணவர் விவரங்கள், வீட்டுக் கணினியில் பிறப்புப் பத்திரம், நிலக் கிராண்ட், சேமநிதி அறிக்கை. அந்த லேப்டாப் திருடு போனால் இரண்டு கேள்விகள் எழும். எடுத்தவர் உள்ளே பார்க்க முடியுமா? நமக்கு அந்தக் கோப்புகள் மறுபடி கிடைக்குமா? முதல் கேள்விக்கு என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது. இரண்டாவதற்கு பேக்கப், அதாவது வேறிடத்தில் ஒரு நகல்.

விண்டோஸைத் திறக்கத் தட்டும் பாஸ்வேர்டு என்கிரிப்ஷன் ஆகாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், என்கிரிப்ட் ஆகாத கோப்புகள் பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கும்.

புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான். எடுத்த எடுப்பில் லேப்டாப்பைப் பூட்டிவிட்டு, பேக்கப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர்மாறு: முதலில் காலியான வெளி டிஸ்க்கைப் பூட்டுங்கள், அதில் நகலெடுங்கள், அந்த நகல் திறக்கிறதா என்று வேறு கணினியில் பாருங்கள், கடைசியாக லேப்டாப்பைப் பூட்டுங்கள். காலி டிஸ்க்கில் தவறு செய்தால் இழக்க ஒன்றுமில்லை. கை பழகுவதும் அங்கேயே முடிந்துவிடும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் உங்கள் கோப்புகளின் மொத்த அளவைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். பழைய நகலை அழிக்காமல் புதிய நகலை வைக்க அந்த இடம் தேவைப்படும். ஒரு டிஸ்க் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது, காரணம் 11ஆம் பகுதியில் இருக்கிறது.

பென்டிரைவை ஒரே பேக்கப்பாக நம்ப வேண்டாம். மின்சாரமே படாமல் அலமாரியில் கிடக்கும் ஃபிளாஷ் நினைவகம் காலப்போக்கில் தரவை இழக்கக்கூடும். இணையக் கடைகளில் மிக மலிவாக வரும் '2 டிபி' பென்டிரைவ்கள் இன்னும் மோசம். உள்ளே சிறிய சிப்பை வைத்து, பெரியது என்று கணினியிடம் பொய் சொல்லும்படி செய்யப்பட்டவை பல. கோப்பு ஏறுவது போலவே தெரியும், ஆனால் உண்மையான கொள்ளளவு தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். சந்தேகம் இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள்.

இவற்றோடு லேப்டாப் அடாப்டர், சோதித்துப் பார்க்க இன்னொரு கணினி (நண்பருடையதாக இருந்தாலும் சரி), ஒரு பேனா, கெட்டியான தாள், இரண்டு கடித உறைகள்.

வேலையைக் காலையில் தொடங்குங்கள். பேராக்கில் இடி மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். இடி இடிக்கும்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றத்தான் வேண்டும், அந்த நேரம் நகலெடுப்பு பாதியில் நிற்கக் கூடாது.

2. எதை நகலெடுப்பது என்று முதலில் எழுதுங்கள்

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். விட்டுப்போவது மற்றவைதான்.

கணக்கு மென்பொருள், சம்பள மென்பொருள் ஆகியவற்றின் தரவு பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் இருக்காது. சி டிரைவில் தனி ஃபோல்டரில் இருக்கும், அல்லது டேட்டாபேஸாக ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் டேட்டாபேஸை அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் நகல் வந்து, பிறகு திறக்காமல் போகலாம். மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வரும் கோப்பை நகலெடுங்கள்.

பழைய தமிழ் ஆவணங்கள் இருந்தால் எழுத்துருக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய ஆலயக் கூட்டக் குறிப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் அவை கிடைக்கும்.

கோப்புப் பெயர்களின் நீளத்தையும் கவனியுங்கள். பல விண்டோஸ் மென்பொருள்கள் முழுப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கோயில்' கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் நகலெடுக்கும்போது சில கோப்புகள் மறுக்கப்படும். பெயரைச் சுருக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

3. டிஸ்க் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள்

முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்யும்போது ஒவ்வொரு பகுதியும் படிக்கப்பட்டு மறுபடி எழுதப்படும். சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பில்தான் விழும். பழி என்கிரிப்ஷன் மேல் விழும், உண்மைக் காரணம் பழைய டிஸ்க்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 'குட்' என்று வந்தால் தொடரலாம். 'காஷன்' வந்தால், குறிப்பாக ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5 என்ற வரிசைகளில் சுழியம் அல்லாத எண் இருந்தால், கோப்புகளை உடனே நகலெடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். அந்த டிஸ்க்கில் என்கிரிப்ஷன் வேலை வேண்டாம்.

4. லேப்டாப் ஏற்கெனவே பூட்டியிருக்கலாம்

இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற விண்டோஸின் பூட்டு பெரும்பாலும் தானாகவே இயங்கத் தொடங்கும். 2024இல் வந்த 24எச்2 பதிப்பில் அதற்கான வன்பொருள் நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. உரிமையாளருக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டியிருக்கும். சாவி எங்கே என்று கேட்டால் விழிப்பார்.

செட்டிங்ஸ், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். விண்டோஸ் ப்ரோவில் கண்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் (விண்டோஸின் முழு என்கிரிப்ஷன் வசதி) பக்கம் இருக்கும். எந்தப் பதிப்பு என்பது செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் 'எடிஷன்' என்ற வரியில் தெரியும். 'வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்' என்று வந்தால் டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது, ஆனால் சாவி திறந்த நிலையிலேயே கிடக்கிறது. அதைப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பூட்டியிருந்தால் அடுத்த கேள்வி: ரிக்கவரி கீ, அதாவது டிஸ்க்கைத் திறக்கும் மாற்றுச் சாவி, எந்தக் கணக்கில் இருக்கிறது? டிவைஸ் என்கிரிப்ஷன் தன் சாவியை, நிர்வாகி உரிமையோடு நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கும். கடைத்தெருவில் ஃபார்மெட் செய்யக் கொடுத்து, கடைக்காரர் வேலை முடிக்கத் தன் கணக்கில் நுழைந்திருந்தால், உங்கள் லேப்டாப்பின் சாவி அவர் கணக்கில் இருக்கும். பள்ளி அல்லது அலுவலகக் கணக்கில் இணைத்திருந்தால் சாவி அந்த நிறுவனத்திடம் போகும். மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ கணக்கு மூடப்பட்டால் நீங்கள் அதை எட்ட முடியாது.

உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பக்கத்தில் இந்த லேப்டாப்பின் பெயரும் ரிக்கவரி கீயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், பேக்கப் முடிந்த பிறகு என்கிரிப்ஷனை அணைத்து, டிஸ்க் முழுக்கத் திறக்கும் வரை காத்திருந்து, உங்கள் கணக்கில் நுழைந்து மறுபடி இயக்குங்கள். புதிய சாவி பிறக்கும்.

அந்தக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண்ணையும் சரிபாருங்கள். டாப் அப் செய்யாமல் காலாவதியான ப்ரீபெய்ட் எண்ணுக்குத்தான் சரிபார்ப்புக் குறியீடு போகிறது என்றால், சாவி கணக்கில் இருந்தும் எடுக்க வழியில்லை.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கணினி தாங்குமானால் 11க்கு மாறிவிட்டு இந்த வேலைகளைச் செய்யுங்கள்.

5. பாஸ்வேர்டும் தாளும்

வெளி டிஸ்க்குக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து 20 எழுத்துக்கு மேல் வரும்படி வையுங்கள். குறள், பாட்டு வரி, பிள்ளைகளின் பெயர், ஐசி எண் எதுவும் வேண்டாம். ஊரறிந்த வரிகளைத்தான் யூகிப்பவர்களும் முதலில் முயல்வார்கள்.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைக்கலாம், ஆனால் எழுத்துக்கூட்டல் குழப்பம் தருவதைத் தவிர்த்துவிடுங்கள். ழகரம் உள்ள சொல்லை இன்று ஒரு மாதிரி தட்டி, ஆறு மாதம் கழித்து வேறு மாதிரி தட்டுவீர்கள். நெடிலுக்கு ஒரு எழுத்தா இரண்டா என்பதும் அப்படித்தான். 'மரம்', 'பணம்' போல ஒரே மாதிரிதான் எழுத முடியும் என்ற சொற்களே நல்லவை.

முரசு அஞ்சல் போன்ற விசைப்பலகையில் நேரடித் தமிழ் எழுத்தாக பாஸ்வேர்டு வைக்காதீர்கள். விண்டோஸ் எழும்பும் முன் வரும் திரையில் தமிழ் உள்ளீடு கிடையாது. சோதிக்கக் கொண்டுபோகும் கணினியிலும் இருக்கும் என்ற உறுதியில்லை.

அடுத்தது தாள். பிட்லாக்கரின் ரிக்கவரி கீ (6, 9ஆம் பகுதிகளில் கிடைக்கும்) 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகள். கையால் எழுதுங்கள். பிரிண்டிங் கடையில் அச்சிட்டால் உங்கள் சாவி அந்தக் கடையின் கணினியிலும் ஒரு நகலாகத் தங்கலாம்.

கையால் எழுதினால் பிழை வரும் என்று பயப்பட வேண்டாம், சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படிதான் உருவாக்கப்படுகிறது. 1, 3, 5ஆம் இலக்கங்களைக் கூட்டுங்கள். 2, 4, 6ஆம் இலக்கங்களைக் கூட்டுங்கள். இரண்டு கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம் 0, 11, 22 இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். 135795 என்ற தொகுதியில் 1+5+9 = 15, 3+7+5 = 15, வித்தியாசம் 0; சரி. நடுவில் 79ஐ 97 என்று மாற்றி எழுதிவிட்டால் 13க்கும் 17க்கும் வித்தியாசம் 4. பிழை உடனே தெரிந்துவிடும். எட்டுத் தொகுதியையும் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சாவியோடு 'கீ ஐடி'யின் (எந்தச் சாவி என்று காட்டும் அடையாளக் குறி) முதல் எட்டு எழுத்துகளையும், எந்தக் கணினி, எந்த டிஸ்க், என்ன தேதி என்பதையும் எழுதுங்கள். ஒரு வீட்டில் மூன்று சாவிகள் சேர்ந்ததும் எது எதற்கு என்று யாருக்கும் நினைவிருக்காது.

இதே தாளை இரண்டாக எழுதி இரண்டு உறையில் போடுங்கள். ஒன்று வீட்டில், நகையும் கிராண்டும் இருக்கும் இடத்தில். இன்னொன்று வேறு வீட்டில். லேப்டாப் பையில் வைப்பது மட்டும் கூடாது. பை போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

6. காலி வெளி டிஸ்க்கைப் பூட்டுதல்

முதலில் டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) முறையில் ஃபார்மெட் செய்யுங்கள். கடையிலிருந்து வரும்போது பல டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் இருக்கும். வயர் திடீரென்று கழன்றால் எக்ஸ்ஃபேட்டை விட என்டிஎஃப்எஸ் தாங்கும். எழுதுமுன் குறிப்பு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் உண்டு.

விண்டோஸ் ப்ரோ இருந்தால்: டிஸ்க்கின் மேல் வலது க்ளிக், 'டர்ன் ஆன் பிட்லாக்கர்'. பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுங்கள். ரிக்கவரி கீ எங்கே சேமிப்பது என்று கேட்கும். கோப்பாகச் சேமித்து, திரையில் திறந்து, தாளில் எழுதி, 11 கணக்கைப் போட்டுப் பார்த்து, பிறகு அந்தக் கோப்பை அழியுங்கள். டிஸ்க் புதியது, காலி என்றால் 'யூஸ்டு ஸ்பேஸ் ஒன்லி' போதும், சில நிமிடத்தில் முடியும். ஏற்கெனவே பயன்படுத்திய டிஸ்க் என்றால் 'என்டயர் டிரைவ்'. அழித்ததாக நினைத்த பழைய கோப்புகள் காலி இடத்தில் இன்னும் படிக்கும்படி கிடக்கும். வேறு பழைய விண்டோஸிலும் திறக்க வேண்டுமானால் 'கம்பாட்டிபிள் மோடு'.

'ஆட்டோ அன்லாக்'கைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துகொண்டிருந்தால் ஆறு மாதத்தில் அது உங்களுக்கே மறந்துவிடும், நினைவுக்கு வர வேண்டிய நாளில் வராது.

விண்டோஸ் ஹோம் இருந்தால்: பிட்லாக்கர் டிஸ்க்கைத் திறக்கலாம், உருவாக்க முடியாது. வெராக்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். அதில் இரண்டு வழிகள் உண்டு. முழு டிஸ்க்கையும் பூட்டலாம், அல்லது டிஸ்க்கின் மேல் ஒரு பெரிய பூட்டிய கோப்பை உருவாக்கலாம். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது. முழு டிஸ்க்கைப் பூட்டினால், அதைச் செருகும்போதெல்லாம் விண்டோஸ் 'இந்த டிஸ்க்கை ஃபார்மெட் செய்யவா' என்று கேட்கும். வீட்டில் யாராவது ஒரு நாள் 'யெஸ்' அழுத்திவிடுவார்கள்.

'கிரியேட் வால்யூம்', 'என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்', 'ஸ்டாண்டர்டு' என்று போங்கள். கோப்புக்கு டிஸ்க்கில் ஓர் இடமும் பெயரும் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது அழிந்துவிடும். ஏஇஎஸ், எஸ்எச்ஏ-512 என்று வருவதை அப்படியே விடுங்கள். அளவைத் தாராளமாகக் கொடுங்கள், பிறகு பெரிதாக்குவது தலைவலி. பாஸ்வேர்டு, ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ், மவுஸைப் பட்டை நிறையும் வரை அசைத்து, 'ஃபார்மெட்'.

பயன்படுத்த: ஒரு டிரைவ் எழுத்தைத் தேர்ந்து, கோப்பைக் காட்டி, 'மவுண்ட்'. முடிந்ததும் 'டிஸ்மவுண்ட்' (புதிய பதிப்பில் 'அன்மவுண்ட்'), அதன் பிறகே டிஸ்க்கைக் கழற்றுங்கள். வெராக்கிரிப்டில் 48 இலக்க ரிக்கவரி கீ எதுவும் கிடையாது. பாஸ்வேர்டு போனால் எல்லாம் போச்சு, அதனால் இங்கே உறைக்குள் போவது பாஸ்வேர்டுதான். கோப்பின் தலைப்பகுதி கெட்டால் சரியான பாஸ்வேர்டும் வேலை செய்யாது. 'டூல்ஸ்' பட்டியலில் 'பேக்கப் வால்யூம் ஹெடர்' கொடுத்து, அந்தச் சிறு கோப்பை வேறிடத்தில் வையுங்கள்.

7. நகலெடுத்தல்

கோப்புகள் குறைவு என்றால் தேதியிட்ட ஃபோல்டர் போதும்: 2026-03 என்று ஒன்று, அடுத்த முறை 2026-04 என்று இன்னொன்று. ஆண்டை முதலில் எழுதினால் தானாக வரிசையில் நிற்கும். பழையதன் மேலேயே எழுதினால், போன வாரம் கெட்டுப்போன கோப்பு நல்ல நகலையும் மூடிவிடும்.

கோப்புகள் அதிகம் என்றால் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற மென்பொருள் உதவும். அதில் 'மிரர்' முறை லேப்டாப்பில் அழித்ததை பேக்கப்பிலும் அழிக்கும். அழித்தது தவறுதலாக இருந்தால் மீட்பது நிச்சயமில்லை. 'அப்டேட்' முறையை வைத்து, மாற்றப்படும் பழைய கோப்புகளுக்கு 'வெர்ஷனிங்' என்று தனி ஃபோல்டர் காட்டுங்கள்.

நேரக் கணக்கு: பெரிய கோப்புகள் என்றால் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கில் நொடிக்கு சுமார் 100 எம்பி, 200 ஜிபி முக்கால் மணி நேரத்துக்குள் ஏறும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் பல மடங்கு மெதுவாகும். நின்றுவிட்டது என்று நினைத்து வயரைப் பிடுங்குவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு. விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் விடுங்கள்.

மேக்புக் வைத்திருப்பவர்களுக்கு இது சுருக்கம்: மேக்கிலேயே உள்ள பேக்கப் மென்பொருளான டைம் மெஷினில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போதே 'என்கிரிப்ட் பேக்கப்' என்பதை இயக்குங்கள், வேறெதுவும் வேண்டாம்.

8. மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்

டிஸ்க்கை இன்னொரு கணினியில் செருகுங்கள். வெராக்கிரிப்ட் என்றால் பாஸ்வேர்டை நினைவிலிருந்து தட்டாமல், உறைக்குள் உள்ள தாளைப் பார்த்துத் தட்டுங்கள். நீங்கள் சோதிப்பது டிஸ்க்கை மட்டுமல்ல, தாளையும்தான். பிட்லாக்கர் டிஸ்க் என்றால் ஒருமுறை 'மோர் ஆப்ஷன்ஸ்' வழியாக, தாளைப் பார்த்து 48 இலக்கத்தையும் தட்டித் திறந்து பாருங்கள்.

திறந்ததும், லேப்டாப்பில் உள்ள ஃபோல்டரின் கோப்பு எண்ணிக்கையையும் நகலின் எண்ணிக்கையையும் 'ப்ராப்பர்ட்டீஸ்' மூலம் ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்: ஒரு பிடிஎஃப், ஒரு எக்செல், ஒரு பழைய தமிழ் ஆவணம், ஒரு வீடியோவின் கடைசி நிமிடம். கணக்கு மென்பொருளின் பேக்கப்பை அதே மென்பொருள் உள்ள வேறு கணினியில் மீட்டுப் பார்க்க முடிந்தால் மிக நல்லது.

நண்பரின் கணினியில் திறந்த கோப்புகளை அங்கேயே சேமித்துவிட்டு வராதீர்கள்.

9. இப்போது லேப்டாப்

அடாப்டரைச் செருகுங்கள், வெளி டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன் எழும்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஏதாவது காத்திருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பூட்டிய பிறகு செய்தால் லேப்டாப் ரிக்கவரி கீ கேட்டு நிற்கலாம்.

ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் பொத்தானை இயக்கினால் போதும். சாவி உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கைப்பேசியிலிருந்து நுழைந்து பார்த்து, தாளில் எழுதுங்கள். நிர்வாகி உரிமையோடு நுழைந்தும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற வரியே செட்டிங்ஸில் இல்லையென்றால் உங்கள் லேப்டாப் அதைத் தாங்கவில்லை. ப்ரோவுக்கு மாறுவதோ, முக்கியக் கோப்புகளை லேப்டாப்பிலேயே ஒரு வெராக்கிரிப்ட் கோப்புக்குள் வைப்பதோதான் வழி.

ப்ரோ பதிப்பில் சி டிரைவுக்கு பிட்லாக்கரை இயக்குங்கள். சாவியை அதே டிரைவில் சேமிக்க அது விடாது. சிலர் கெட்டிக்காரத்தனமாக 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்து டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிடுவார்கள். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய கதைதான் அது. பழகிய லேப்டாப் என்பதால் 'என்டயர் டிரைவ்', 'நியூ என்கிரிப்ஷன் மோடு' இரண்டையும் தேர்ந்து, 'ரன் பிட்லாக்கர் சிஸ்டம் செக்' பெட்டியில் குறியிடுங்கள். தொடங்கும் முன் சாவியும் டிபிஎம் சிப்பும் (சாவியைக் காக்கும், லேப்டாப்புக்குள் உள்ள பாதுகாப்பு சிப்) ஒத்துழைக்கின்றனவா என்று ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து அது பார்த்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டியில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனாலும் பிட்லாக்கர் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் அதை நம்பி பேட்டரியில் தொடங்க வேண்டாம்.

முடிந்ததும் தாளை ஒருமுறை சரிபாருங்கள். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, 'manage-bde -protectors -get C:' என்று தட்டினால் இப்போது நடப்பில் உள்ள சாவி திரையில் வரும். தாளோடு ஒப்பிடுங்கள்.

மேக்கில் அதன் என்கிரிப்ஷன் வசதியான ஃபைல்வால்ட்டை இயக்கி, 24 எழுத்து ரிக்கவரி கீயை எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸில் முழு டிஸ்க் என்கிரிப்ஷனை நிறுவும்போதே தேர்ந்தெடுப்பதுதான் எளிது; லக்ஸ் (லினக்ஸின் என்கிரிப்ஷன் முறை) ஹெடரின், அதாவது டிஸ்க்கின் தலைப்பகுதியின், நகலை வெளியே எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

10. பூட்டிய பின் மாற வேண்டிய பழக்கங்கள்

லேப்டாப் விழித்திருக்கும்போது டிஸ்க் திறந்தேதான் இருக்கிறது. மூடியை மூடினால் 'ஸ்லீப்' ஆவது வழக்கம், அப்போதும் சாவி நினைவகத்தில் இருக்கும். பேருந்திலோ ரயிலிலோ கொண்டுபோகிறவர்கள் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி மாற்றுங்கள். லாகினுக்கான 'பின்' எண் எளிதில் யூகிக்கக்கூடியதாக இருந்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண். லேப்டாப் ஆன் ஆகும்போது டிபிஎம் தானாகவே டிஸ்க்கைத் திறந்துவிடும், மிஞ்சி நிற்கும் கதவு அந்தப் 'பின்' எண் ஒன்றுதான்.

சம்பளப் பட்டியல் போன்றவை இருந்தால், ப்ரோ பதிப்பில் விண்டோஸ் எழும்பும் முன்பே கேட்கும் தனிப் 'பின்' எண்ணையும் வைக்கலாம். குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பிட்லாக்கரின் ஆப்பரேட்டிங் சிஸ்டம் டிரைவ்ஸ் பகுதியில் 'ரிக்வயர் அடிஷனல் ஆதென்டிகேஷன் அட் ஸ்டார்ட்டப்' என்பதை இயக்க வேண்டும். வீட்டுக் கணினிக்கு இது அதிகப்படி.

ஒருநாள் நீலத் திரை வந்து ரிக்கவரி கீ கேட்டால் பதற வேண்டாம். பலர் அங்கே லாகின் 'பின்' எண்ணைத் தட்டித் தட்டிக் களைத்துப் போவார்கள். அது கேட்பது 48 இலக்கம். திரையில் உள்ள கீ ஐடியைத் தாளோடு பொருத்திப் பார்த்துத் தட்டுங்கள். பயாஸை மாற்றியது, மதர்போர்டை மாற்றியது போன்றவை காரணமாக இருக்கும். இனி பயாஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கர் பக்கத்தில் 'சஸ்பெண்ட் புரொடெக்ஷன்' கொடுத்துவிடுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது சாவித் தாளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். திரை, பேட்டரி, கீபோர்டு மாற்ற அது தேவையில்லை. மதர்போர்டு மாற்றினால் நீங்களே போய்த் தட்டிவிட்டு வாருங்கள். ஃபார்மெட் செய்தால், கடைக்காரர் கணக்கில் நுழைய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

11. இரண்டாவது டிஸ்க், வேறு ஊர், மேகம் (இணையச் சேமிப்பு)

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு நகல், திருட்டுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் ஒரே நகல்தான். இரண்டாவது டிஸ்க்கையும் 6, 7, 8 பகுதிகளின்படி தயார் செய்து, ஈப்போவிலோ கிள்ளானிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டில் வையுங்கள். தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை என்று போகும்போதெல்லாம் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். பூட்டிய டிஸ்க் என்பதால் வழியில் தொலைந்தாலும் டிஸ்க்கின் விலையோடு நஷ்டம் முடியும். அதன் பாஸ்வேர்டோ சாவியோ உள்ள உறை அதே பையில் போகக் கூடாது.

வீட்டு டிஸ்க்கை நகலெடுத்ததும் கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் ரான்சம்வேர் வைரஸ் லேப்டாப்போடு அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இடி விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் துணி அலமாரி நல்ல இடமில்லை.

ஒன்டிரைவ், கூகள் டிரைவ் இரண்டும் ஒத்திசைக்கும் சேவைகள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்றாவது நகலாக மட்டும், அதுவும் மிக முக்கியமான சில ஜிபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்ற நினைத்தால் கணக்குப் பாருங்கள்: நொடிக்கு 5 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 100 ஜிபி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஹாட்ஸ்பாட் டேட்டா அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஏற்றும் முன் கிரிப்டோமேட்டர் என்ற மென்பொருளைக் கொண்டோ, 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 வைத்து 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' குறியிட்டோ பூட்டிவிடுங்கள். அந்தக் குறியை விட்டால் கோப்புக்குள் போக முடியாவிட்டாலும் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். ஆலயக் கணக்கில் சில நேரம் பெயரே போதும்.

12. பழையவற்றைத் துடைத்தல், பொறுப்பு கைமாறுதல்

இத்தனைக்கும் பிறகு பூட்டாத பழைய நகல்கள் மேசை இழுப்பறையில் கிடக்கும்: பென்டிரைவ், மெமரி கார்டு, பழைய லேப்டாப்பின் டிஸ்க். ஹார்ட் டிஸ்க் என்றால் 'குவிக் ஃபார்மெட்' குறியை நீக்கி முழு ஃபார்மெட் செய்யுங்கள். பென்டிரைவை முழுக்க என்கிரிப்ட் செய்து, பிறகு ஃபார்மெட் செய்வது எளிது. இயங்காத டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் உள்ளே உள்ள தட்டைத் துளையிடுங்கள்.

சங்கத்திலோ ஆலயத்திலோ செயலாளர் மாறினால் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாது. பிட்லாக்கரில் பாஸ்வேர்டு மாறினாலும் பழைய 48 இலக்கம் தொடர்ந்து திறக்கும். வெராக்கிரிப்டில் பழைய ஹெடர் நகல் யாரிடமாவது இருந்தால் பழைய பாஸ்வேர்டே போதும். வெளி டிஸ்க்கில் பிட்லாக்கரை அணைத்து மறுபடி இயக்குங்கள். வெராக்கிரிப்ட் என்றால் புதிய கோப்பு உருவாக்கி, கோப்புகளை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை அழியுங்கள். புதிய தாள் எழுதி, 8ஆம் பகுதியின் சோதனையைப் புதிய செயலாளரையே செய்யச் சொல்லுங்கள். பழைய தாளை அவர் கண்ணெதிரே கிழித்துப் போடுங்கள்.